இயந்திர விளக்கு எரிகிறதா? குறியீட்டை எழுதி வைத்த பிறகே அழியுங்கள்

காரின் முகப்பில் மஞ்சள் நிற இயந்திர விளக்கு எரிந்ததும் பலர் நேரே பட்டறைக்கு ஓடுகின்றனர். எது பழுது என்றே தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புகின்றனர். காரின் கணினியிடமே காரணத்தைக் கேட்கச் சிறிய கருவி ஒன்று போதும்.

ஓ.பி.டி.2 எனப்படும் 16 முனை இணைப்பு, அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் அது உண்டு. ஓட்டுநர் பக்கம், ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் தென்படும். பழைய கார்கள் சிலவற்றில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கருவியைச் செருக வேண்டும். அதற்கான மின்சாரம் கார் பேட்டரியிலிருந்தே கிடைக்கும். பிறகு இயந்திரத்தை முடுக்காமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டும். புளூடூத் கருவியாக இருந்தால் கைப்பேசிச் செயலியுடன் இணைக்க வேண்டும். அடுத்து, குறியீடுகளைப் படிக்கும் பகுதிக்குச் செல்லலாம்.

திரையில் ‘பி0301’ என்று வந்தால், முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆனால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் என எதுவும் காரணமாகலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார்களில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதுடன் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். குறியீடு ‘பி0302’ ஆக மாறினால் காயில்தான் பழுது. இப்படிச் சோதிக்காமல் எல்லாவற்றையும் மாற்றினால் வீண் செலவுதான்.

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும், பழுது நீங்காது. பழுது ஏற்பட்ட நேரத்தில் பதிவான வேகம், வெப்பநிலை போன்ற தடயங்களும் அழிந்துவிடும். ஆகவே, முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கார் வாங்குவோருக்கும் இது உதவும். குறியீடு அழிக்கப்பட்டதும் காரின் சுயபரிசோதனைகள் ‘முடிவடையவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பும். விளக்கு எரியாமல், பல பரிசோதனைகள் அந்நிலையில் இருந்தால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. தொடர்ந்து ஓட்டினால், புகையைச் சுத்திகரிக்கும் விலை உயர்ந்த பாகமும் கெட்டுவிடும். பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்துவதே நல்லது.