முகம் திடீரென ஒரு பக்கம் கோணினால்? காதருகே உள்ள எலும்புக் குழாயும் 72 மணி நேரமும்

காலையில் வாய் கொப்பளிக்கிறீர்கள். தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கண் மூட மாட்டேங்குது; சிரித்தால் வாய் மறுபக்கம் இழுக்குது.

ஜொகூர் பாலத்தில் தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், வீட்டில் சொல்லப்போவது இதுதான்: "காத்து பட்டுருச்சு, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாயிடும்."

ஆனால் பிரச்சினை இருப்பது தோலில் இல்லை, எலும்புக்குள். இதற்குப் பெயர் பெல்ஸ் பால்சி.

அந்தக் குழாய் எங்கே இருக்கிறது?

காதுக்குப் பின்னால் விரலை வைத்தால் கெட்டியான எலும்பு தட்டுப்படும். அதன் உள்பக்கமாகத்தான் முக நரம்புக் குழாய் ஓடுகிறது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். மூளையிலிருந்து வரும் முக நரம்பு இதற்குள் இரண்டு இடங்களில் வளைந்து, காதுக்குக் கீழே வெளிவந்து, முகத் தசைகளுக்குப் பிரிகிறது.

16ஆம் நூற்றாண்டில் இதை விவரித்தவர் இத்தாலியரான ஃபலோப்பியோ. பெண்களின் கருக்குழாய்க்கு ஆங்கிலத்தில் இருப்பதும் அவர் பெயர்தான்.

நரம்பு வீங்கினால் என்ன ஆகும்?

கால் வீங்கினால் தோல் விரிந்துகொடுக்கும். எலும்பு விரியாது. இந்தக் குழாயின் மிகக் குறுகலான இடம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு அங்கே வீங்கினால், தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் குறைந்து, முகத்துக்குப் போகும் கட்டளையும் நின்றுவிடுகிறது. வீக்கத்துக்கு உடலில் பதுங்கியிருந்த வைரஸ் காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து.

கண்ணீர், நாக்கின் சுவை, அதிக சத்தத்தைக் குறைக்கும் காதுத் தசை ஆகியவற்றுக்கான கிளைகளும் இங்கிருந்தே பிரிகின்றன. அதனால்தான் சிலருக்குக் கண் காய்ந்துபோகும், சாப்பாடு ருசிக்காது, சாதாரண சத்தமே காதைத் துளைக்கும்.

ஸ்ட்ரோக்கா, இதுவா?

புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் நெற்றி அசையும். பெல்ஸ் பால்சியில் நெற்றியும் அசையாது.

ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சந்தேகம் இருந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.

ஏன் 72 மணி நேரம்?

பத்தில் ஏழு பேருக்குச் சிகிச்சை இல்லாமலே முழுமையாகக் குணமாகிறது. ஆனால் மீதி மூன்று பேரில் நீங்கள் ஒருவரா என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடும். நீவி விடும் கை எலும்புக்குள் போகாது, மருந்து போகும். மாத்திரையை டாக்டர் எழுதித் தந்த பிறகே சாப்பிட வேண்டும்.

கண்ணையும் காப்பாற்ற வேண்டும். மூடாத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகலாம். பகலில் சொட்டு மருந்து விடுங்கள். இரவில் இமையை மூடி டேப் ஒட்டும் முறையைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். காதில் கொப்புளம் தெரிந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது அக்கியை உண்டாக்கும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.