மாநாட்டு மண்டபமும் வயல் வரம்பும்

"இருந்து கதைச்சாப்போல எங்கட காணி திரும்பி வருமோ, சுவாமி?"

பல்கலைக்கழகம் ஒன்றில் சமாதானமும் பண்பாட்டுப் புரிந்துணர்வும் பற்றி மூன்று நாள் மாநாடு நடக்கவிருந்தது. இடம்பெயர்ந்த விவசாயிகள் சிலரையும் அதற்கு அனுப்பலாம் என்று நான் கூறியபோது, முதிய கமக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. படிவங்களை நிரப்பி நிரப்பிக் கை சோர்ந்த ஒருவரின் கேள்வி அது. "வரும்" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "வராது" என்று சொல்லவும் மனமில்லை. அவருக்கு அன்று கொடுக்காத பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

அதற்காக வாசகர்களை எமது நாட்டுக்கு வெளியே, பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்பகுதியிலுள்ள மிந்தனாவோ தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கும் காணியில் தொடங்கிய பிணக்கு, சமயத்தின் பெயரால் பிரிந்து, போராக வெடித்து, இலட்சக்கணக்கானோரை அகதிகளாக்கியது. அங்கும் பல்கலைக்கழகங்களும் சமயத் தலைவர்களும் பல ஆண்டுகளாகச் சமாதானம் பற்றிக் கூடிப் பேசி வந்துள்ளார்கள். அந்தப் பேச்சினால் எது விளைந்தது, எது விளையவில்லை என்பதை நாம் பார்க்க முடியும். மேலும் அந்தத் தீவு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1847 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அதே அமல மரித் தியாகிகள் சபையினர்தான், 1939 இல் மிந்தனாவோவின் கொத்தபாத்தோ பகுதிக்கும் சூலுத் தீவுகளுக்கும் சென்றார்கள்.

பிணக்கின் வேர்

மிந்தனாவோவில் மூன்று வகை மக்கள் வாழ்கிறார்கள். முதலாவது, மோரோ எனப்படும் முஸ்லிம் மக்கள். இரண்டாவது, லுமாட் எனப்படும் மலைநாட்டு ஆதிக்குடிகள். மூன்றாவது, லூசோன், விசயாஸ் ஆகிய வடக்குத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய சந்ததியினரும். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

1898 இல் ஸ்பானியர் வெளியேற, அமெரிக்கர் நாட்டைக் கைப்பற்றினார்கள். 1902 இல் காணிப் பதிவுச் சட்டம் வந்தது. பரம்பரை பரம்பரையாக உழுத நிலமானாலும், பதிவு செய்து உறுதி பெறாவிட்டால் உரிமை காட்ட முடியாது என்ற நிலை உருவாயிற்று. வாய்ச்சொல்லாலும் வழக்கத்தாலும் நிலம் ஆண்ட மக்களிடம் உறுதி எங்கே இருக்கும்? 1903 இல், மோரோ சுல்தான்களும் குலத் தலைவர்களும் அரசின் அனுமதியின்றி வழங்கிய காணிகள் செல்லாது என்று இன்னொரு சட்டம் கூறியது. 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியேறும் ஒருவர் அரச காணியில் 24 ஹெக்டேயர் வரை, அதாவது ஏறத்தாழ 59 ஏக்கர் வரை, விண்ணப்பிக்கலாம். கிறிஸ்தவர் அல்லாத மோரோவோ லுமாட்டோ பெறக்கூடியது 10 ஹெக்டேயர் மட்டுமே. 1936 இல் அவர்களுடைய பங்கு 4 ஹெக்டேயராகக் குறைக்கப்பட்டது.

அரசே திட்டமிட்டுக் கப்பல்களில் குடியேற்றவாசிகளைக் கொண்டுவந்தது. 1903 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினராக இருந்த முஸ்லிம்கள், நூற்றாண்டு முடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்கினர் அளவுக்கு வந்துவிட்டார்கள். 1970களில் போர் வெடித்தது. அதிலிருந்து ஏறத்தாழ 120,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பலில் வந்திறங்கிய குடியேற்றவாசியும் ஓர் ஏழைதான். சொந்த ஊரில் குத்தகைக்கு உழுது கடனில் மூழ்கியிருந்தவன், அரசு தந்த காணியை எடுத்துக்கொண்டான். அதை இழந்தவன் யார் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. இழந்தவனுக்கோ, தன் வரம்பில் நின்ற மனிதனை மட்டுமே தெரிந்தது. தலைநகரில் எழுதப்பட்ட சட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரு ஏழைகள் ஒருவரையொருவர் பகைத்தார்கள்.

கல்விமான்கள் செய்த நன்மை

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகத்தின் பணி தொடங்குகிறது. ரூடி ரோடில் என்பவர் மிந்தனாவோவில், குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மிந்தனாவோ அரச பல்கலைக்கழகத்தின் இலிகான் வளாகத்தில் வரலாறு கற்பித்தார். மேலே சொன்ன சட்டங்களையும் கணக்கெடுப்பு எண்களையும் தொகுத்து, மோரோக்களும் லுமாட்டுகளும் தம் சொந்த மண்ணில் சிறுபான்மையினரான விதத்தை 1994 இல் நூலாக வெளியிட்டார். பின்னர், சாதாரண மக்களும் வாசிக்கக்கூடியதாகக் கேள்வி பதில் வடிவிலும் ஒரு நூல் எழுதினார். மூன்று மக்களும் அத்தீவுக்கு உரியவர்கள், எவரையும் துரத்திவிட்டுச் சமாதானம் இல்லை என்பது அவர் வற்புறுத்திய கருத்து. 1993 முதல் 1996 வரை மோரோ தேசிய விடுதலை முன்னணியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் அரச தரப்புக் குழுவிலும் அவர் அமர்ந்திருந்தார்.

கல்விமான்களின் மாநாடு தரக்கூடிய முதலாவது நன்மை இதுவே. யாருக்கு எப்போது எந்தச் சட்டத்தால் அநீதி நடந்தது என்பதை அது ஆதாரத்துடன் எடுத்துரைக்கிறது. வதந்திக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. தன் இனம் செய்த, அல்லது தன் இனத்துக்குச் சாதகமாக நடந்த அநீதியை ஒருவர் தம் வாயாலேயே சொல்லும்போது, எதிர்த்தரப்பினர் காது கொடுக்கிறார்கள். 1998 முதல் 2018 வரை கொத்தபாத்தோவின் பேராயராக இருந்த கர்தினால் ஒர்லாந்தோ கேவேதோ, அ.ம.தி., இதையே செய்தார். மிந்தனாவோ மோதலின் வேர் அநீதியே என்றும், மோரோக்களின் அடையாளத்துக்கும் இறைமைக்கும் முன்னேற்றத்துக்கும் இழைக்கப்பட்ட அநீதி அது என்றும் 2003 இல் கத்தோலிக்க ஆயர்களும் வர்த்தகர்களும் கூடிய சபையில் அவர் எடுத்துரைத்தார்.

இரண்டாவது நன்மை, தொடர்ந்து சந்திக்கும் பழக்கம். 1996 இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான பின், மிந்தனாவோவின் கத்தோலிக்க ஆயர்களும் புரட்டஸ்தாந்து ஆயர்களும் முஸ்லிம் உலமாக்களும் ஒரு மன்றமாகக் கூடத் தொடங்கினார்கள். மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை சந்திப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. ஒரு தடவை மட்டும் கூடிக் கைகுலுக்கிப் படம் எடுப்பதற்கும், ஆண்டுக்கணக்காகச் சந்தித்து ஒருவர் குறையை ஒருவர் அறிவதற்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு.

மண்டபத்துக்குள் முடிந்த பேச்சு

ஆனால், மேல்மட்டத்துப் பேச்சு எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை. 2008 இல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் அரசுக்கும் இடையில், மூதாதையர் நிலம் பற்றிய உடன்பாடு ஒன்று கோலாலம்பூரில் கைச்சாத்தாக இருந்தது. எந்தெந்தக் கிராமங்கள் அதில் அடங்கும் என்பதை அங்குள்ள மக்களிடம் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. அச்சமும் வதந்தியும் பரவின. கைச்சாத்துக்கு முதல் நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. மீண்டும் சண்டை மூண்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளுடன் தெருவுக்கு வந்தார்கள். நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட தாள் ஒன்று, கிராமத்தைக் கேளாமல் எழுதப்பட்டதால், கிராமத்தின் தலையிலேயே விழுந்தது.

இதிலிருந்து அவர்கள் பாடம் கற்றார்கள். ஆயர்கள், உலமாக்கள் மன்றம் பல்கலைக்கழக ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு, தீவு முழுவதும் மக்களிடமே சென்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு குழுக்களில் ஏறத்தாழ 5,000 பேரிடம், "உங்களுக்குச் சமாதானம் என்றால் என்ன? என்ன செய்தால் அது வரும்?" என்று கேட்டு எழுதினார்கள். கிராமத்தவர் மண்டபத்துக்கு வருவதற்குப் பதிலாக, மண்டபம் கிராமத்துக்குப் போயிற்று. 2014 இல் முழுமையான உடன்படிக்கை கைச்சாத்தாகி, 2019 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசம் அமைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பேச்சு மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன்.

ஏழு கிராமங்களின் பெயர்

வாசகர்கள் மறக்கக்கூடாத பகுதி இது. மிந்தனாவோவின் பிக்கிட் பிரதேசத்தில் 1997, 2000, 2003 என்று திரும்பத் திரும்பப் போர் நடந்தது. 2000 ஆம் ஆண்டுப் போரில் மட்டும் தீவு முழுவதிலும் ஒன்பது இலட்சம் பேர் வரை இடம்பெயர்ந்தார்கள். பிக்கிட் பங்குத்தந்தை ரொபேட்டோ லேசன், அ.ம.தி., முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் அகதிகளுக்குப் பணி செய்தார். உணவுப் பொதி கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, அடுத்த போரில் அவை மீண்டும் எரிவதைப் பார்ப்பதில் பயனில்லை என்று கண்டபோது, அவரும் தொண்டர்களும் ஊர் மக்களும் வேறு வழி தேடினார்கள்.

மூன்று மக்களும் கலந்து வாழும் நலபான் என்ற கிராமம், 2001 இல் தன்னைச் "சமாதானத்துக்கான இடம்" என்று அறிவித்தது. ஊரவர் இராணுவத்திடமும் போராளிகளிடமும் சென்று, "எங்கள் கிராமத்தைப் போர்க்களமாக்க வேண்டாம்" என்று கேட்டுச் சம்மதம் பெற்றார்கள். 2004 இல் அது ஏழு கிராமங்களாக விரிந்தது. அந்த ஏழு கிராமங்களும் தமது பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, "கினாபலட்டாக்கா" என்று தமக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டன.

இதை எந்தப் பேராசிரியரும் மாநாட்டில் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. மக்கள் செய்தார்கள், கற்றவர்கள் பின்னர் வந்து அதைப் படித்து எழுதி, பிற ஊர்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். மண்டபத்துக்கும் வயலுக்கும் இடையில் இருக்க வேண்டிய உறவு இதுவே.

கொடுத்த விலை

இந்தப் பாதை பாதுகாப்பானது என்று எவரும் எண்ணவேண்டாம். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் நண்பர்களாக வாழ உழைத்த ஹோலோ ஆயர் பெஞ்சமின் டி ஹேசுஸ், அ.ம.தி., 1997 பெப்ரவரி 4 ஆம் திகதி தமது பேராலயத்துக்கு முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 இல் மராவி நகரம் ஐந்து மாதச் சண்டையில் அழிந்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தமது வளவுக்குத் திரும்ப முடியாமல் பல குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தன. அதே மராவியில், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகக் கற்க வேண்டும் என்ற நோக்குடன் 1961 இல் தொடங்கப்பட்ட மிந்தனாவோ அரச பல்கலைக்கழகத்தில், 2023 டிசம்பர் 3 ஆம் திகதி, திருவருகைக் கால முதல் ஞாயிறு திருப்பலியின்போது குண்டு வெடித்து நால்வர் உயிரிழந்தார்கள். முஸ்லிம் தலைவர்கள் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். சமாதானத்துக்காகக் கட்டிய வீட்டிலும் குண்டு வெடிக்கலாம். அதற்காக அந்த வீட்டை மூடிவிட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

மாநாட்டுக்கு எம்மை அழைத்தால் போகலாம். ஆனால் வெறுங்கையுடன் போகக்கூடாது. போகுமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: அங்கு எமது மொழியில் நாம் பேசலாமா, அல்லது எம்மைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டுமா?

இரண்டு: எம்முடன் பிணக்குப்பட்டவர்களும் வருகிறார்களா? ஒரே பக்கத்தார் மட்டும் கூடினால் அது மாநாடு அல்ல, முறைப்பாடு.

மூன்று: சமாதானம் என்ற சொல்லுடன் காணி என்ற சொல்லும் அங்கு பேசப்படுமா?

நான்கு: முடிவில் எழுதப்படும் அறிக்கையை எமது கிராமத்துக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுபவர் யார்?

அத்துடன் எமது பங்காக ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தனது காணியின் கதையை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். யார் காடு வெட்டியது, எந்தக் குளத்து நீர் பாய்ந்தது, உறுதியா அனுமதிப்பத்திரமா இருந்தது, எந்த ஆண்டு எப்படி வெளியேறினோம், எல்லையில் இருந்த அயலவர் யார் என்று எழுதுங்கள். முதியவர்கள் சொல்ல, படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். அப்படி எழுதும்போது, அந்த அயலவர் இழந்ததையும் எழுதுங்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் வயலும் வளவும் வரம்பும் இருந்தன. எமது கண்ணீரை மட்டும் எழுதும் கொப்பி பாதிக் கொப்பிதான்.

அந்த முதிய கமக்காரருக்கு இப்போது என் பதில் இது: "ஐயா, கதைச்சாப்போல மட்டும் காணி வராது. ஆனால் உங்கள் காணியின் கதை அந்த மண்டபத்தில் சொல்லப்படாவிட்டால், அதை வேறு யாரோ வேறு விதமாகச் சொல்லிவிடுவார்கள். காணி திரும்பி வரும் நாளில், வரம்புக்கு அப்பால் நிற்கும் மனிதருடன் வாய்க்கால் நீரைப் பங்கிடவும் வேண்டும். அந்தப் பேச்சை இன்றே தொடங்குவது நல்லது."