'மெஸ்' : உணவும் ஒழுங்கின்மையும்

ஒழுங்கின்மையைக் குறிக்கும் 'மெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் உணவே. 'அனுப்புதல்' எனப் பொருள்படும் 'மித்தெரெ' என்னும் இலத்தீன் வினையடியினின்று தோன்றிய இச்சொல், பழம்பிரெஞ்சில் பந்திக்கு வைக்கப்பெறும் உணவைச் சுட்டியது. ஏறத்தாழ 1300இல் ஆங்கிலம் புகுந்தபின், உணவின் பெயர் உடனிருந்து உண்ணும் குழுவினர்க்கும், பின்னர் உண்ணும் இடத்துக்கும் ஆகிவந்தது. படைத்துறையில் இவ்வழக்கு இன்றும் உண்டு. மற்றொரு கிளையில் பலவும் கலந்து குழைந்த உணவு என்னும் பொருள் பிறந்தது. அக்கலவையே 19ஆம் நூற்றாண்டில் குழப்பம், அலங்கோலம் என விரிந்தது.

தமிழ் கடன்கொண்டது முதற்கிளையை மட்டுமே. 'விடுதி மெஸ்' என்னும் வழக்கில் இழிபொருளின் சாயலில்லை. உணவைக் குறைகூறும் மாணவரும் அப்பெயரைக் குறைகூறுவதில்லை! எனவே, ஆங்கிலச் சொல்லின் பொருள் முழுவதையும் தமிழ்க் கடன்சொல்லின்மேல் ஏற்றாது, உணவகப் பொருளில் அதனைத் தனிப்பதிவாகக் கொள்வதே அகராதி நெறிக்கு ஏற்றதாகும்.