விழுது இறங்கும் வேளை

ஒரே செடியின் வேருக்கும் பூவுக்கும் பருப்புக்கும் மரபணுக்கள் ஒன்றாகவே இருக்க, எந்த அங்கத்தில் எது எப்போது விழித்தெழுகிறது என்பதால்தான் அவற்றின் குணபேதம் உண்டாகிறது. ஹைதராபாத்தை அடுத்த படான்சேருவின் இக்ரிசாட் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், கொத்து நிலக்கடலை ரகம் ஒன்றின் 20 வகைத் திசுக்களை ஐந்து வளர்ச்சிப் பருவங்களில் ஆராய்ந்து, அந்த விழிப்புகளின் வரைபடத்தை 2020-இல் வெளியிட்டார்கள். திசுவைப் பறித்த மாத்திரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரிலுள்ள திரவ நைட்ரஜனில் ஆழ்த்தாவிடில், விழித்த மரபணுக்களின் நகலான ஆர்.என்.ஏ. சிதைந்து செடியின் சாட்சியம் அழிந்துபோகும். அத்துணை மென்மையான காரியம் இது.

அந்தத் திசுக்களுள் என் மனத்தைக் கவர்ந்தது விழுதுதான். விடியலில் விரிந்த மஞ்சள் பூ வாடிய சில நாட்களில், அதன் அடியிலிருந்து ஊதா ஓடிய ஊசிபோல் ஒன்று நீண்டு, நுனியில் கருவைச் சுமந்துகொண்டு பூமியை நோக்கி இறங்குகிறது. வெளிச்சத்தில் இருக்கும்வரை அந்தக் கரு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். மண்ணின் இருளை அடைந்த பின்னரே, ஒளியை உணரும் மரபணுக்களின் போக்கு மாறி, காய் பருக்கத் தொடங்கும்.

ஆனால் அந்த மண் இளகியிருக்க வேண்டுமே! அரிமளம் ஊரின் செம்புராங்கல் கலந்த செம்மண்ணில், ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை விழுது இறக்கும் ஆவணியில் மழை தவறினால், மேல்மண் ஓடாய் இறுகி, ஊசி முனை உள்ளே புகாமல் கருகிவிடுகிறது. புகுந்த விழுதுக்கும் ஈரம் வேண்டும். காய்க்குரிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பாது, காயே தன் தோலால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சியாக வேண்டும். நாற்பத்தைந்தாம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தாலும், ஈரமில்லையேல் பொக்குக் கடலைதான் மிஞ்சும்.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. சுற்றுவட்டாரமெங்கும் பரந்து கிடக்கும் தைலமரக் காடுகளில் மழைநீரைத் தேக்க எழுப்பிய வரப்புகள், கண்மாய்களுக்கு ஓடிவர வேண்டிய நீரை வழியிலேயே மறித்துவிடுகின்றன என்று இவ்வூர் விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். தைலமரம் வருமானம் தருகிறதே என்பாரும் உளர். அந்த வருமானம் கண்மாயை நிரப்பிவிடாது. கண்மாய் வற்றினால் கிணறு வற்றும். கிணறு வற்றினால், விழுது இறங்கும் நாட்களில் உயிர்த் தண்ணீர் பாய்ச்சவும் வழியின்றி, எத்தனை உயர்ந்த ரகமும் வீணாகும்.

ஆகவே, மரபணு வரைபடத்துக்குத் திசு சேகரிப்போர் இறுகிய அரிமளத்து மண்ணிலே பாதி புகுந்து நின்றுவிட்ட விழுதையும் எடுத்துச் சென்று ஆராய வேண்டும். கண்மாய்களின் வரத்துக் கால்களை மறிக்கும் வரப்புகளையும் வெட்டிவிட வேண்டும். வரும் ஆடிக்கு முன்பே அது நடந்தாக வேண்டும்.