கைக்குழந்தையோடு கழியும் நேரம் வீண் நேரமல்ல

குழந்தை பிறந்த வீட்டில் முதல் சில நாட்கள் எல்லாம் முறையாக நடக்கின்றன. காதில் பாங்கு சொல்கிறோம். பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தடவுகிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் சூட்டி, அகீகா கொடுக்கிறோம். விருந்து முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு அந்தக் குழந்தை யார் பொறுப்பு? பெரும்பாலான வீடுகளில் அது உம்மாவின் பொறுப்பு. அவருக்குத் துணை அவருடைய உம்மா. வாப்பா மாலையில் வந்து கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனால் போதும் என்று இருந்துவிடுகிறோம். பிள்ளை பேசத் தொடங்கட்டும், மக்தபில் சேரட்டும், அப்புறம் நம் வேலை ஆரம்பம் என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

ஆனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பு, பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்பே உருவாக ஆரம்பித்துவிடுகிறது. அது பாலூட்டும்போதும், குளிப்பாட்டும்போதும், தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது.

தொழுகையிலும் தோளில் குழந்தை

நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது கீழே இறக்கிவிடுவார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். இதை அபூகத்தாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி 516). உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் திட உணவு சாப்பிடாத தம் ஆண் குழந்தையைக் கொண்டுவந்தபோது, நபியவர்கள் அதைத் தம் மடியில் அமர்த்தினார்கள். குழந்தை ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்தார்கள். அவ்வளவுதான் (புகாரி 223). தொழுகை நடத்தும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கினார்கள் (புகாரி 707).

இந்தச் சம்பவங்களில் ஒரு பொதுத் தன்மையைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று நபியவர்கள் தனி நாள் ஒதுக்கியதாக இவற்றில் இல்லை. தொழுகை, மக்களோடு அமர்ந்திருக்கும் சபை என்று தம் அன்றாடப் பணிகளுக்கு நடுவிலேயே குழந்தைக்கு இடம் கொடுத்தார்கள். அவர்களைவிட வேலைப்பளு மிகுந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை.

பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் பெறமாட்டார் என்பதே நபியவர்களின் பதிலாக இருந்தது (புகாரி 5997). பிள்ளையைக் கொஞ்சுவது ஆண்மைக்குக் குறைவு என்ற எண்ணத்துக்கு அன்றே கிடைத்த பதில் இது.

குழந்தை முகத்தைத் தேடுகிறது

பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அதுதான். படைத்தவனின் ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது! கருவில் இருந்தபோதே கேட்டுப் பழகியதால் தாயின் குரலையும் அது அடையாளம் காண்கிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில் நம் முகம் பார்த்துச் சிரிக்கிறது.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்து விளையாடும் தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, குரல் கொடுத்தது. பலன் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது, அழுதது. பால் கொடுத்துக்கொண்டே ஃபோனில் மூழ்கியிருக்கும் நம் முகம் அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு நாளில் சில வேளையாவது ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாலூட்டுவது பெரிய சிரமமல்ல.

“தூக்கித் தூக்கிக் கெடுக்காதே”

அழுதவுடன் தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பது வழக்கம். வேலை செய்ய முடியாமல் போகுமே என்ற கவலையில் சொல்வது அது. ஆனால் சில மாதக் குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லை. பசி, ஈரம், வயிற்று வலி, பயம் எல்லாவற்றுக்கும் அதே அழுகைதான். அழைத்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை ஊறிய குழந்தைதான் பிறகு தைரியமாகக் கையை விட்டு இறங்கித் தவழும். நடுவில் திரும்பிப் பார்த்துவிட்டு மேலும் போகும். எட்டு, ஒன்பது மாதத்தில் உம்மா கண்ணுக்கு மறைந்தால் அழுவதும் கெட்ட பழக்கமல்ல. தன் ஆள் யார் என்று அறிந்துகொண்டதன் அடையாளம்.

இதற்கென்று விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லித் தேய்ப்பது, துணியால் முகத்தை மூடித் திறப்பது, சோறு பிசையும்போது ஒரு பருக்கையை அதன் கையில் கொடுப்பது, பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் பூனையையும் காகத்தையும் காட்டுவது, திக்ர் சொல்லித் தொட்டிலை ஆட்டுவது என எல்லாம் வீட்டில் இருப்பவைதான். வாப்பா தினமும் ஒரு வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளட்டும். குளியலோ, இரவுத் தூக்கமோ, எதுவானாலும் அது அவருடையது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பா

நம் குடும்பங்களில் ஆறாத ஒரு வலி உண்டு. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது விமானம் ஏறியவர், பிள்ளைக்கு ஒன்றரை வயதான பிறகு விடுப்பில் வருகிறார். ஆசையாகக் கை நீட்டினால் குழந்தை அலறிக்கொண்டு உம்மாவின் பின்னால் ஒளிகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் மனம் உடைகிறது.

இதில் குழந்தையின் குற்றம் எதுவுமில்லை. வந்த அன்றே பலவந்தமாகத் தூக்க வேண்டாம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் விளையாட்டுச் சாமானை நாமும் தொட்டு விளையாடினால் அதுவே நெருங்கி வரும். ஊட்டுவது, உலாவ அழைத்துச் செல்வது என ஒவ்வொன்றாக உம்மா அவரிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். சில நாட்களில் அச்சம் விலகும், இன்ஷா அல்லாஹ். தூரத்தில் இருக்கும்போதும் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் வீடியோவில் வந்து, ஒரே ஸலாம், ஒரே செல்லப்பெயர், ஒரே விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் அந்தக் குரல் பழகிவிடும். சின்னஞ்சிறு குழந்தைகளைத் திரையிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்கு அளிக்கிறது.

உம்மா தனியாகச் சுமக்கக் கூடாது

இரண்டு ஆண்டு பாலூட்டல் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், அதற்கு முன்பே பால்குடி மறக்கச் செய்வதானால் தாய், தந்தை இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பிச் செய்யலாம் என்கிறது. பாலூட்டுவது தாய்தான், ஆனாலும் அதில் தந்தையின் ஆலோசனைக்கும் இடம் வைத்திருக்கிறான் அல்லாஹ். எனவே “அது பொம்பளைங்க சமாச்சாரம்” என்று ஒதுங்க நமக்கு வழியில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பல பெண்களுக்கு இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் துயரம் நீங்காமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால், ஈமான் குறைவு என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு.

மஹ்மூத் பின் ரபீஃ (ரலி) அவர்கள் பெரியவரான பிறகும் ஒன்றை நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நபியவர்கள் ஒரு வாளியிலிருந்து வாயில் தண்ணீர் எடுத்து அவர்கள் முகத்தில் உமிழ்ந்து விளையாடினார்கள் (புகாரி 77). ஒரு நொடி விளையாட்டு அது. அந்தச் சிறுவர் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை.

கைக்குழந்தைக்கு இப்படி நினைவில் நிற்காமல் போகலாம். ஆனால் நம் கையில் தனக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை அது அறிந்தே வளரும். நாளை நாம் சொல்லும் நல்லதை அந்தப் பிள்ளை காது கொடுத்துக் கேட்க அந்த நம்பிக்கைதான் அடித்தளம். நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்கள் தேடி வரும் பெற்றோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.