வெப் எதிர் டெக்சாஸ் வழக்கு

வெப் எதிர் டெக்சாஸ் என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972 டிசம்பர் 4 அன்று தீர்ப்பளித்த ஒரு குற்ற வழக்கு ஆகும். எதிரித் தரப்புச் சாட்சியை நீதிபதி மிரட்டிச் சாட்சி சொல்லவிடாமல் செய்வது முறையான விசாரணை ஆகாது என்பது இத்தீர்ப்பின் சாரம். (நீதிமன்ற வழக்கில் ‘எதிரி’ என்பது குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்கும்.)

பின்னணி

ஒரே குற்றத்தில் சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆதரவாகச் சாட்சி சொல்லக் கூடாது என்று டெக்சாஸ் மாநிலச் சட்டம் முன்பு தடுத்திருந்தது. ஆனால் அவர்கள் அரசுத் தரப்பில் சாட்சி சொல்லலாம். 1967இல் வாஷிங்டன் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தடை செல்லாது என்றது. தனக்கு ஆதரவான சாட்சிகளை அழைப்பது எதிரியின் அடிப்படை உரிமை என்பதும் அப்போது நிலைநாட்டப்பட்டது.

வழக்கு விவரம்

வெப் என்பவர் மீதான குற்றச்சாட்டு கன்னக்களவு, அதாவது திருட்டு முதலிய குற்றம் செய்யும் நோக்குடன் கட்டடத்தில் நுழைதல். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்தபின் அவர் தம்முடைய ஒரே சாட்சியை அழைத்தார். அச்சாட்சி வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்.

அவர் பேசும் முன்பே நீதிபதி, யாரும் கேட்காமல் தாமாகவே, அவரை எச்சரித்தார். சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பொய் சொன்னால் பொய்ச்சாட்சி வழக்கு வருமாறு தாமே பார்த்துக்கொள்வதாகவும், அந்தத் தண்டனை இப்போதைய தண்டனையோடு சேரும் என்றும், பரோல் கேட்கும்போதும் அது பாதகமாகும் என்றும் கூறினார். அரசுத் தரப்புச் சாட்சிகள் எவருக்கும் இத்தகைய எச்சரிக்கை தரப்படவில்லை என்று வெப்பின் வழக்கறிஞர் ஆட்சேபித்தார். பயனில்லை. சாட்சி பேச மறுத்துச் சென்றுவிட்டார். வெப்புக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மேல்முறையீடும் தீர்ப்பும்

மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் நீதிபதியின் போக்கைக் கண்டித்தது. எனினும், எச்சரிக்கை முடியும்வரை ஆட்சேபம் எழுப்பவில்லை, சாட்சி பயந்துதான் மறுத்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்று கூறித் தண்டனையை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சாட்சி பொய்யே சொல்வார் என்று முன்கூட்டியே கருதி, தேவையற்ற கடுமையுடன் மிரட்டியதால்தான் அவர் விலகினார் என்று கண்டது. 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தரும் முறையான விசாரணை உரிமை மறுக்கப்பட்டது என்று கூறித் தண்டனையை நீக்கியது. இரு நீதிபதிகள் மாறுபட்டனர்.

உரிமையின் எல்லை

இவ்வுரிமை வரம்பற்றது அன்று. வழக்கறிஞர் வேண்டுமென்றே ஒரு சாட்சியின் பெயரை முன்னதாகத் தெரிவிக்காமல் மறைத்தால், அச்சாட்சியை நீதிமன்றம் விலக்கலாம் என்று 1988இல் டெய்லர் எதிர் இலினாய் வழக்கில் முடிவானது. உண்மை பேச வேண்டும் என்று சாட்சிக்கு நினைவூட்டுவதையும் வெப் வழக்கு தடுக்கவில்லை. அந்த நினைவூட்டல் அச்சுறுத்தலாக மாறி, எதிரி தம் தரப்பைச் சொல்ல இயலாமல் போவதையே அது தடுக்கிறது. விலக்கும் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படாமலே ஒரு சாட்சி விலக்கப்படலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.