வாடகை தேடித் தரும் சமையல்கட்டு!

வாசலில் ‘டு-லெட்’ பலகை தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. ஐயா ஹாலிலேயே நின்று, “தண்ணி எப்படி? கரண்டு மீட்டர் தனியா?” என்று விசாரிக்கிறார். அம்மா நேரே சமையல்கட்டுக்குப் போகிறார். குழாயைத் திருகுகிறார். சன்னலைத் தள்ளிப் பார்க்கிறார். சுவரில் விரலை வைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தடவிப் பார்க்கிறார்.

இரண்டே நிமிடம். “போயிட்டுச் சொல்றோம்” என்கிறார்.

அவ்வளவுதான். அந்தக் குடும்பம் திரும்பி வராது!

திருவல்லிக்கேணி போர்ஷன் ஆனாலும், வேளச்சேரி அடுக்குமாடி ஆனாலும் இதே கதைதான். வீட்டுக்காரர் ஹாலுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடிக்கிறார். சமையல்கட்டை மறந்து விடுகிறார். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது. வாடகை 15 ஆயிரம் என்றால் 30 ஆயிரம் ரூபாய் போச்சு! அந்தப் பணத்தில் சமையல்கட்டையே சீர் செய்திருக்கலாம்.

புகை போக வழி

முதலில் கவனிக்க வேண்டியது புகை. தாளிக்கிற நெடி படுக்கை அறை வரை வந்தால் எந்தக் குடித்தனமும் நிலைக்காது. அடுப்புக்கு மேலே வெளிச்சுவரில் ஒரு எக்சாஸ்ட் பேன் போட்டால் போதும். அதற்குத் தனி சுவிட்ச் வேண்டும்.

அடுத்தது மேடை. பழைய வீடுகளில் கடப்பா கல் இருக்கும். அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்டுப் பட்டு மெருகு போய் வெளுத்து விடும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேடைக்கு மேல் இரண்டு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி விட்டால் சுவரில் கறை ஏறாது. ஒவ்வொரு குடித்தனம் மாறும்போதும் சமையல்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவும் குறையும்.

சிங்க் அகலமாக, ஆழமாக இருக்கட்டும். குக்கரும் இட்லிப் பானையும் உள்ளே படுத்துத் தேய்க்க இடம் வேண்டாமா? போர் தண்ணீர் உப்பாக இருக்கிற பகுதியில் குடிதண்ணீருக்குத் தனிக் குழாய் கொடுத்தால், “இந்த வீடே போதும்” என்று முன்பணம் கொடுத்து விடுவார்கள்.

பிளக் இல்லாத சமையல்கட்டு

மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்... இத்தனைக்கும் பல வீடுகளில் ஒரே ஒரு பிளக்! குடியிருப்பவர் ஹாலில் இருந்து ஒயரை இழுத்து வருகிறார். ஈரக் கையோடு அதைத் தொட்டால் ஆபத்து. மேடையை ஒட்டி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் நாலைந்து பிளக் வையுங்கள். அதில் ஒன்றாவது 16 ஆம்பியராக இருக்கட்டும்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை அலமாரிக்குள் வைத்தால், அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுப் போக்கி அவசியம். மேலே மட்டும் ஓட்டை போட்டுப் பிரயோசனம் இல்லை.

கையைச் சுடும் செலவு

“மாடுலர் கிச்சன் போட்டுடுங்க சார், வாடகை எங்கேயோ போயிடும்” என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் செலவு செய்து, வாடகை மாதம் 2,000 கூடினால், போட்ட பணம் திரும்ப 100 மாதம் ஆகும். எட்டு வருடத்துக்கும் மேல்! அதற்குள் மட்டமான மரத்தூள் பலகை தண்ணீர் பட்டு ஊதிப் போகும். கீல் கழன்று தொங்கும்.

அதே வீட்டில் பேன், பிளக், சிங்க் என்று 30 ஆயிரம் செலவு செய்து, மாதம் 1,000 கூடினால் இரண்டரை வருடத்தில் பணம் கைக்கு வந்து விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு காலியாக இருக்கும்போது இந்த வேலைகளைச் செய்தால், புதிதாக வருகிறவரிடம் புது வாடகை பேசலாம். ஆள் குடியிருக்கும்போதுதான் சிக்கல்.

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி, குடியிருக்கும் வீட்டில் வசதி கூட்டி வாடகையை உயர்த்த வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேரும் பேசி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் புது வாடகை.

ரிப்பேர் வேறு, வசதி வேறு! ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒழுகும் பைப்பை மாற்றி விட்டு, “ஐந்நூறு கூட்டிக் கொடுங்க” என்று கேட்க முடியாது. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் ரிப்பேர் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. “வீட்டுக்காரர் வந்து பாக்கட்டும்” என்று அவரும் சும்மா இருக்க முடியாது.

அடுத்த முறை பெயிண்டரைக் கூப்பிடும் முன், வீட்டுக்காரர் ஒரு நாள் தன் வாடகை வீட்டுச் சமையல்கட்டில் நின்று ஒரு டம்ளர் காபி போட்டுப் பார்க்கட்டும். எங்கே கை இடிக்கிறது, எங்கே கண் எரிகிறது என்று தெரிந்து விடும். செலவை அங்கே தொடங்கினால், ‘டு-லெட்’ பலகையைக் கழற்றி உள்ளே வைத்து விடலாம்!